மலையேறிய தொண்டும் மடத்திற் றங்கிய சைவமும்



சில திங்களுக்கு முன்னர்க் கள்ளக்குறிச்சியிற் கூடிய சைவ அவையொன்றில் அன்பர் ஒருவர் எழுந்து, "கடல் கடந்து சென்று கிறித்தவத் தொண்டு புரிவோர், அத்தொண்டினாலே தம் ஆன்மா வளர்ச்சியுற்றதென்று பறைசாற்றுகின்றனர். பிறர் சமயத்தைக் கவரச் சென்றவர்க்கு ஆன்ம வளர்ச்சி எங்ஙனம் கூடும்? அவர் தொண்டெல்லாம் தூண்டிலிற் கோத்த புழுவே" என்று முழங்கினர். அவையோர் கைதட்டி ஆரவாரித்தனர். அடியேன் கைகள் எழவில்லை. என்னை? எனின், அவர் கூற்றிற் பாதி மெய். மறுபாதி நம் சோம்பலை மறைக்கும் போர்வை. அன்று விடை கூறப் பொழுது வாய்த்திலது. அவ்விடையினை ஈண்டு எழுதப் புகுந்தேன். இதன்கண் வன்சொல் வருமாயின், அதனுட் பெரும்பகுதி என்னை நோக்கியே கூறியதெனக் கொண்டு பொறுத்தருள்க.

அவ்வன்பர் கூறியவற்றையும், அவரோடு ஒத்தார் பின்னர் என்பால் வந்து வாதித்தவற்றையும் தொகுத்து நோக்கின் மூன்று கூற்றாய் முடியும். கிறித்தவர் தொண்டு வஞ்சமாகலின் அதனால் ஆன்ம வளர்ச்சி இல்லை என்பது ஒன்று. வஞ்சமன்றெனினும் அது சிவனை நோக்கிச் செய்யப்படாமையிற் பசுபுண்ணியமே, வீடு பயவாது என்பது மற்றொன்று. மலைவாழ்நர்பாற் சென்று தொண்டு செய்தல் அவர் வழக்கேயன்றி நங்கடனன்று என்பது பிறிதொன்று. இம்மூன்றனையும் முறையே ஆராய்வாம்.

ஆராயுமுன் வழக்கின் பொருள் யாதெனக் காண்டல் வேண்டும். இலண்டன் மாநகரிற் செல்வக்குடியில் 1879-இற் பிறந்து ஓவியம் பயின்ற ஈவ்லின் என்னும் பெண்மணி, ஜெஸ்ஸி பிராண்டு என்னும் பாதிரியாரை மணந்து நம் கொல்லிமலையிற் குடிபுகுந்தனர். 1914-இல் அவர்க்குப் பிறந்த மகவே பிற்காலத்தில் வேலூரிற் றொழுநோயாளர் கைகளைச் சீர்செய்து உலகறிந்த பால் பிராண்டு என்னும் மருத்துவர். 1929-இற் கணவர் மலைக்காய்ச்சலின் கொடுமையால் அம்மலையிலேயே மாண்டனர். பின்னர் அவரை அனுப்பிய சங்கத்தார் அவரைக் கீழ்நாட்டில் இருத்தினர். ஓய்வு பெறும் வயது வந்தது. ஊர் திரும்புவார் என்றே யாவரும் எண்ணினர். அவரோ ஏறத்தாழ அறுபத்தெட்டாம் அகவையில், சங்கத்தாரின் துணையும் பொருளுமின்றித் தம் பொறுப்பிலே மீண்டும் மலையேறினர். கொல்லிமலை, பச்சைமலை, நம் கல்வராயன்மலை முதலான மலைத்தொடர்களே தம் எஞ்சிய வாழ்நாட்குரிய பணிக்களம் எனக் கொண்டனர். சிறு குதிரையிவர்ந்து குடிதோறுஞ் சென்றனர், பன்முறை வீழ்ந்தனர், இடுப்பெலும்பு முறிந்த பின்னரும் இரு மூங்கிற் கோல்களை ஊன்றி நடந்தனர். 1974-இல், தொண்ணூற்றைந்தாம் அகவையில் உயிர் நீத்துக் கொல்லிமலையிற் கணவர் கல்லறையருகே அடக்கப்பெற்றனர்.

அந்நாளில் இம்மலைகளில் நரம்புச் சிலந்தி நோய் மலிந்திருந்தது. நோயுற்றார் படிக்கிணற்றில் இறங்கி நீர் முகக்குங்கால், அவர் காற்புண்ணினின்று புழுவின் குஞ்சுகள் நீரிற் கலக்கும். அந்நீரைப் பருகினார் உடலுள் ஓராண்டளவில் முழநீளத்திற்கும் மேலாய் வளர்ந்து தோலைத் துளைத்து வெளிப்படும். அப்புழுவினை நாடோறுஞ் சிறிது சிறிதாகக் குச்சியிற் சுற்றியெடுத்தல் வேண்டும். அறுந்துவிடின் புண் சீக்கொள்ளும். அந்நோயைத் துடைக்க அம்மையார் உழைத்தனர். பாரத நாடு முழுதும் அந்நோயினின்று நீங்கியதென உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது 2000-ஆம் ஆண்டிலே. அதற்குப் பன்னெடுநாள் முன்னரே ஒரு முதியவள் மலையிலிருந்து அப்பணியைத் தொடங்கினாள் என்பதை நினைமின்.

ஆன்ம வளர்ச்சி என்பதனை அளப்பதெங்ஙனம்? அவர் மகனார் எழுதியதொரு செய்தி கூறுவேன். அம்மையார் தம் கடைசி இருபதாண்டுகளில் தம் குடிலிலே கண்ணாடியே வைத்துக்கொண்டிலர். அழகினைத் தேர்ந்து தீட்டும் ஓவியக்கலை பயின்றவர். தம் முகத்தைத் தாம் காணுதலையே மறந்தனர். சைவ நூல் பயின்றார்க்கு இதன் பொருளை விரித்துரைத்தல் வேண்டா. தற்போதம் கழலுதல் என்று நாம் ஏட்டிற் படிப்பது, ஏடறியாத ஒருத்திபால் நடையாய் நிகழ்ந்தது.

இனி முதற் கூற்றுக்கு விடை. தொண்டு வஞ்சமென்பார்க்கு நம் நாட்டுத் திருக்கோவலூரே விடை கூறும். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்த அத்திருத்தலத்திலிருந்து அரசாண்டவர் மெய்ப்பொருள் நாயனார். பகைவனாகிய முத்தநாதன், நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுச்சுவடியின் உறையுள் வாளினை மறைத்து வந்தான். நாயனார் அவ்வேடத்தை வணங்கினர். அவன் வாளால் தாக்கி வீழ்த்திய பின்னரும், அவனைக் கொல்ல ஓங்கிய தத்தனை, அவர் நம்மவர் எனத் தடுத்து, ஊரெல்லை கடக்கும்வரை ஊறின்றிக் கொண்டுவிடச் செய்தனர். இக்கதையினை நாம் ஆண்டுதோறும் விரித்துரைக்கின்றோம். இதனாற் பெறப்படுவது யாது? சுவடியுள் வாளுண்டு என்பது உண்மையே. ஆயின் நாயனாரின் பேறு முத்தநாதன் நெஞ்சினைப் பொறுத்ததன்று, தம் நெஞ்சினைப் பொறுத்ததே. பிறர் தொண்டின் உறையுள் வாளிருக்கின்றதா என்று துருவித் துருவிப் பார்க்கும் நாம், நம் கையிற் சுவடியேனும் உண்டா என்று பார்த்தோமில்லை.

அன்றியும் அனைவர்பாலும் வாள் இருந்ததென்பதும் பொய். அதே திருக்கோவலூரில் டென்மார்க்கு நாட்டுச் சங்கத்தின் சார்பாக ஊழியஞ் செய்ய வந்த எஸ்தர் பேரிங் என்னும் இளநங்கை, 1917-இற் காந்தியடிகளின் ஆச்சிரமத்தைக் கண்டு அவர்பால் மகளன்பு பூண்டனர். சங்கத்தார் அதனை விரும்பிலர், அரசினரும் ஐயுற்றனர். அவர் சங்கத்தை விட்டு நீங்கினரேயன்றி அவ்வன்பினை விட்டிலர். அடிகள் அவர்க்கெழுதிய கடிதங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. கற்பிக்க வந்தவர் கற்கத் தொடங்கியபோதே அவர் வளர்ச்சி தொடங்கிற்று. அவர்க்கு இருநூறாண்டு முன்னே, 1706-இற் றரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும், நம் நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூல் எழுதி ஐரோப்பாவிற்கு அனுப்பினர். அனுப்பிய தலைவர்கள் அதனை அச்சிட மறுத்தனர். 1867-இலேதான் அது சென்னையில் அச்சேறியது. சென்றவன் கண்டதனை அனுப்பினவன் காணமாட்டாமை அவர் சமய வரலாற்றில் மீள மீள வரும் செய்தி.

இதனாற் கிறித்தவச் சங்கங்களை அடியேன் குற்றமற்றவையென வழக்காடுவதாகக் கொள்ளற்க. குற்றம் உண்டு, அதனை மறைத்தல் அறமன்று. தொண்டு செய்து அதற்குக் கூலியாக உயிரின் சமயத்தைக் கேட்டல், பசித்தான்முன் சோற்றினை வைத்துக்கொண்டு விலை பேசுவதனை ஒக்கும். மருந்து கொடுத்தவன் 'என் தெய்வமே உன்னைப் பிழைப்பித்தது. உன் தெய்வம் கல்' என்பானாயின், அவன் மருந்திலும் நஞ்சு கலந்தவனாவான். கூலியாள் பெறுவது கூலியே, வளர்ச்சியன்று.

இக்காலத்தில் மற்றொரு வழக்கமும் தலையெடுத்துள்ளது. பொருளுடைய நாட்டு இளைஞர் இரண்டு கிழமைக்கு ஏழை நாடொன்றிற்குச் சென்று, மொழியறியாமலே சுவரெழுப்பிச் சிறாரோடு படமெடுத்துக்கொண்டு மீண்டு, 'என் ஆன்மா வளர்ந்தது' என எழுதுகின்றனர். வளர்ந்தது எது? ஏழையின் வறுமையைப் படிக்கட்டாக்கித் தான் ஏறினேன் என்பானுக்கு வளர்ந்தது ஆணவமே. 2018 நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ் என்பவர், அரசின் தடையை மீறி அந்தமானைச் சார்ந்த வடசென்டினல் தீவிற் புகுந்து அத்தீவினரால் மாண்டனர். அம்மக்களுக்கு வெளியார் நோய்களைத் தாங்கும் ஆற்றல் இல்லை. ஒருவன் மூச்சுக்காற்றே ஒரு குலத்தை அழிக்க வல்லது. அவர் மொழியை அறியார். அவர் வருக என்றிலர். தன் உயிரைக் கொடுக்கத் துணிந்தது அன்பென்பாரும் உளர். பிறர் உயிரையும் பணயம் வைத்தபின் அதனை அன்பென்பது எங்ஙனம்?

ஆகலின் அளவைகள் மூன்று. சென்றவன் அம்மக்கள் மொழியைக் கற்றானா? அவர் வேண்டிய காலம்வரை உடனிருந்தானா? விலை கேளாது கொடுத்தானா? பிராண்டு அம்மையார் முன்னிரண்டிலும் முழுத்தேர்ச்சி பெற்றவர். மூன்றாவதில் அவர் தம் வேதத்தையும் உடன்கொண்டே சென்றனர் என்பதை மறுப்பார் இலர். எனினும் மூன்றனுள் ஒன்றையேனும் எழுதப் புகாத நாம், இரண்டிற் றேறியவரை எள்ளுதல் நாணத்தக்கதே.

இரண்டாங் கூற்று: அவர் செய்தது பசுபுண்ணியம் என்பது. இதனைக் கூறுவார் நூற்பயிற்சியுடையார் ஆகலின் நூல்கொண்டே விடை கூறுவாம். எத்தெய்வத்தை முன்னிட்டு எவர் வழிபடினும் அவ்வழிபாட்டின் பயனை அளிப்பவர் சிவபிரானேயென்பது அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் றெளிவுறுத்திய கொள்கை. அங்ஙனமாயின் கல்வராயன்மலையில் ஒரு நோயாளியின் புண்ணைக் கழுவிய கையினைக் கண்டவர் யார்? அதற்குரிய பயனை அளித்தவர் யார்? சிவனையன்றிப் பிறர் உளரென்று கூறுவாராயின் அவர் சைவத்தினின்று வழுவினவராவர். சாக்கிய நாயனார் புத்தர் வேடத்தை நீக்காமலே, நாடோறும் கல்லெறிந்து முத்தி பெற்றனர். கல்லினை மலராக ஏற்ற பெருமான், மருந்தினை மலராக ஏலாரோ?

பசுபுண்ணியம் என்பது செய்பவன் சமயத்தாற் றீர்மானிக்கப்படுவதன்று. 'யான் செய்தேன்' என்னும் முனைப்பினாற் றீர்மானிக்கப்படுவது. சிவாலயத்தில் விளக்கு வைத்து, அதன் வெளிச்சம் மறையுமளவு தன் பெயரையும் தந்தை பெயரையும் எழுதுவானது புண்ணியம் யாது? குடமுழுக்கின் அழைப்பிதழிற் பெயர் கீழே போயிற்றென்று சினந்து மீள்வானது புண்ணியம் யாது? இவை சிவபுண்ணியம், கண்ணாடியைத் துறந்த முதியவள் செய்தது பசுபுண்ணியம் என்று எத்துணிவினாற் கூறுவோம்?

ஆயினும் சித்தாந்தி என்னும் முறையில் ஒன்று கூறாது விடேன். அவர் வளர்ச்சி மெய்யே, முடிவன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் கூடுங்காலத்து உயிர் சமயப் படிகளை ஒவ்வொன்றாய்க் கடந்து வருமென்பது நம் நூற்றுணிபு. இறைவனுக்கு ஒரே வாயில், அவ்வாயிலின் திறவுகோல் எம்பால் என்னும் எண்ணம் எஞ்சியிருக்குமளவும் ஒரு முடிச்சு அவிழாதே நிற்கும். அம்முடிச்சு கிறித்தவர்பால் மட்டும் உளதன்று. நம் கூட்டத்திற் கைதட்டியோர்பாலும் உளது.

மூன்றாங் கூற்றே நெஞ்சைச் சுடுவது. மலைவாழ்நர்பாற் சேறல் நங்கடனன்று என்பது. அடியேன் ஒரு திருமடத்திலே வளர்ந்து தமிழும் சைவமும் கற்றவன். பின்னர்க் கல்வராயன்மலையின் அடிவாரத்திலே முப்பதாண்டுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்தவன். அம்மலையின் மேல் வெள்ளிமலை என்றே ஓர் ஊர் உண்டு. வெள்ளிமலையென்று கயிலையைப் பாடிப் பாடி நாத்தழும்பேறிய நான், ஒரு காலைப்பொழுதின் பேருந்துச் செலவிலுள்ள அவ்வெள்ளிமலைக்கு அவ்வாண்டுகளில் இருமுறையே சென்றேன். முதன்முறை சென்ற காரணம் இது.

1987-இல் என் வகுப்பில் மலையிலிருந்து வந்து உறவினர் வீட்டிற் றங்கிப் படித்த மாணாக்கன் ஒருவன் இருந்தான். கண்ணப்பர் கதையினைக் கேட்கும்போது அவன் கண் இமையாது. மலைவேடர் ஒருவர் ஆறே நாளிற் பெற்ற பேற்றினை அவன் தன் குலத்தார் பேறாகவே எண்ணிக் களித்தான். விடுமுறைக்கு ஊர் சென்றவன் மீண்டு வந்திலன். திங்கள் ஒன்று கழிந்தபின் அவனைத் தேடி மலையேறினேன். காய்ச்சல் கண்டவனைத் தூளியிற் கிடத்திக் கீழே சுமந்து வருகையில் வழியிலேயே உயிர் பிரிந்ததென்றனர். அவன் பாட்டனார் எனக்குத் தினைமாவும் நீரும் தந்து இருக்கச் செய்தார். புறப்படுங்கால், "வாத்தியாரையா, மருந்தெடுத்துக்கொண்டு வேதக்காரர் வந்தார், கடன்பத்திரம் எடுத்துக்கொண்டு கீழ்நாட்டார் வந்தார், உங்கள் சாமிமார் எதை எடுத்துக்கொண்டு எப்போது வருவார்?" என்று கேட்டார். சினந்து கேட்டிலர், அறிய விரும்பியே கேட்டார். விடையின்றி இறங்கினேன். மறுநாள் வகுப்பிலே கண்ணப்பர் கதையினையே மீளவும் நடத்தினேன். இரண்டாமுறை சென்றபோது அம்முதியவரும் இலர்.

அம்மக்கள் நிலையினைச் சிறிது கூறுவேன். மலையாளி எனப்படும் அப்பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவரென்று கூறிக்கொள்வர், தமிழே பேசுவர், கரிராமனை வழிபடுவர். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரர் ஆட்சியின்கீழ்க் கூலியின்றி உழைக்கும் கொத்தடிமை அங்கே நெடுநாள் இருந்தது. நாடு விடுதலை பெற்றது 1947-இல். அவ்வாட்சி ஒழிந்தது 1976-இல். இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளில் நம் மடங்களிலே எத்தனை குருபூசைகள் நடந்தன? அவற்றுள் எந்தப் பந்தியிலேனும் கல்வராயன்மலையார் ஒருவர் அமர்ந்ததுண்டா?

2024 சூனில் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சியிலே, கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பருகி அறுபதிற்கு மேற்பட்டோர் மாண்டனர். உடனே யாவரும் மலையை நோக்கிக் கைநீட்டினர்; சாராயம் காய்ச்சும் மலையென்றனர். அம்மலையிற் சாலையும் மருத்துவமும் பள்ளியும் போதாமையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் கண்ட குறையினை நீறணிந்தோர் காணாதது ஏன்? உழவாரப் படையேந்தி ஊர்தோறும் சென்ற அப்பரையும், திருவீழிமிழலைப் பஞ்சத்திலே இறைவன்பாற் காசு பெற்று அடியார்க்குச் சோறிட்ட சம்பந்தரையும் உடைய சமயம் நம்முடையது. உடலுக்குச் செய்யும் தொண்டு கிறித்தவர் கண்ட புதுமை என்பார் திருத்தொண்டர் வரலாறறியார்.

நாவலர் பெருமான் பெர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்தவர். அவர்பாற் கண்ட பள்ளியையும் பிரசங்கத்தையும் அச்சினையும் சைவத்தின் பொருட்டு ஆண்டனர். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். நாம் நாவலரின் கண்டனத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் உழைப்பினைக் கைவிட்டோம். நம் காலத்தில் குன்றக்குடி அடிகளார் தம் மடத்தின் வாயிலைக் கடந்து ஊரார் தொழிலையும் வயலையும் தம் கவலையாகக் கொண்டனர். அவரைப் புகழ்ந்தோம், பின்பற்றினோம் அல்லேம்.

இனிச் செய்யத்தக்கது யாது? மலைவாழ்நரைச் சைவராக்கப் புறப்படுமின் என்று கூறேன். அவர் கரிராமனை மாற்றப் புகுவோமாயின், நாம் பழித்த குற்றத்தையே நாம் செய்தவராவோம். ஆண்டுக்கு இருவரேனும் அங்கே சென்று குடியிருத்தல் வேண்டும். முதலாண்டு கற்பித்தல் வேண்டா, கற்க. எக்குழந்தை பள்ளி செல்லவில்லை, எக்கிழவிக்குக் கண் தெரியவில்லை, எந்த ஊரிலிருந்து நோயாளியைத் தூளியிற் சுமக்கின்றனர் என்பவற்றை அறிக. பின்னர் அதற்குரியது செய்க. பொருள் எங்கிருந்து வரும் எனின், குருபூசையில் ஒரு பந்தியைக் குறைத்தாற் போதும். படமெடுத்தலும் பலகை நாட்டுதலும் வேண்டா. நீறு கேட்டார்க்கு நீறு கொடுக்க. கேளார்க்கு மருந்து மட்டும் கொடுக்க.

இங்கே ஒரு தடை எழும்: விலை கேளாது கொடுப்பின் சமயம் வளர்வது எங்ஙனம்? கொல்லிமலையில் நடந்ததனைக் கேண்மின். பிராண்டு தம்பதியரை முன்னர் எதிர்த்துநின்ற பூசாரி ஒருவர், காய்ச்சலால் இறக்கும்போது தம் பெண்மகவினை அவர் கையிலே ஒப்புவித்தனர். வாதத்தில் தோற்றமையால் அன்று; அயலார் அணுக அஞ்சிய அப்பொழுதில் வாயிலில் வந்து நின்றவர் அவரே என்பதனால். அன்று அவ்வாயிலிற் கஞ்சிக் கலயத்தோடு ஒரு சிவனடியார் நின்றிருப்பாராயின், அம்மகவு எவர் கையில் வளர்ந்திருக்கும்? அதனைக் கவர்ந்து சென்றார் என நாம் கூறும் பழி, உண்மையிற் சென்றவர் மேலதோ, செல்லாதவர் மேலதோ?

எனக்கு அகவை அறுபத்தெட்டு. அவ்வம்மையார் மலையேறிய அகவையும் ஏறத்தாழ அஃதே. முழங்கால் நோவுகின்றது, குதிரையேற அறியேன், பேருந்து உண்டு. வருகின்ற தை பிறந்ததும் வெள்ளிமலையருகே ஓர் அறை வாடகைக்குக் கொண்டு, மாலைதோறும் சிறார்க்கு எழுத்தறிவிக்கத் துணிந்துள்ளேன். அம்முதியவர் கேட்ட வினாவுக்கு முப்பத்தெட்டாண்டுக்கு மேல் விடையின்றி இருந்தேன். எதை எடுத்துக்கொண்டு வருவீர் என்றார். இப்போதைக்கு ஒரு கரும்பலகையும் சிறிது மருந்தும். உடன் வர விரும்பும் அன்பர் வருக. வாரார் கைதட்டாதேனும் இருக்க.

திருச்சிற்றம்பலம்.